கைப்பிடிக்கு விடை கொடுத்த கெட்டரிங்

அறிஞர் அண்ணா 1968-ஆம் ஆண்டு செப்டம்பரில் அறுவைச் சிகிச்சை பெற்ற நியூயார்க் மருத்துவமனையின் பெயர் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் என்பது அது. அப்பெயரில் இடம் பெற்ற கெட்டரிங் மருத்துவர் அல்லர், மின்பொறியாளர். கார் ஓட்டுவோர் நாள்தோறும் அவருடைய உழைப்பின் பயனை நுகர்கின்றனர். காரை மின்சாரத்தால் கிளப்பும் 'செல்ஃப் ஸ்டார்ட்டர்' அவர் தந்த கொடை.

சார்லஸ் கெட்டரிங் 1876-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் நாள் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். இளமையிலேயே கண்பார்வை குன்றியவர். சில காலம் பள்ளி ஆசிரியராக இருந்தார். பிறகு பல்கலைக் கழகம் புகுந்தவர், கண்வலி தாங்காமல் படிப்பை இடையில் விட்டுத் தொலைபேசிக் கம்பி போடும் கூட்டத்தோடு வேலைக்குப் போனார். மனம் தளராமல் திரும்பி வந்து, 1904-இல் பொறியியல் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது ஏறத்தாழ 28. தேர்வில் ஓராண்டு தவறினாலே உலகம் முடிந்தது என்று எண்ணும் நாம் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

டேட்டன் நகரில் கடைகளுக்கான பணப்பெட்டி இயந்திரம் செய்யும் கம்பெனியில் அவர் சேர்ந்தார். பெட்டியைக் கையால் இயக்குவதற்கு மாறாக மின்மோட்டாரால் இயக்கும் வழியை அங்கே கண்டார். அந்த மோட்டார் சிறியது. நெடுநேரம் சுழன்றால் சூடேறிக் கெட்டுவிடும். ஆனால் பெட்டியைத் திறக்க அது சுழல வேண்டியதோ ஒரு கணமே. ஒரு கணத்திற்கு மட்டும் அளவுக்கு மீறிய வேலையை அதன் தலையில் சுமத்தலாம் அன்றோ? இந்த எளிய உண்மையே பிற்காலத்தில் அவருக்குப் புகழ் தந்தது.

அக்காலத்தில் கார் கிளப்புவது வீரச்செயல். முன்பக்கத்தில் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுழற்ற வேண்டும். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு முறியும். கார்ட்டர் என்னும் கார் தயாரிப்பாளர் இவ்வாறு அடிபட்டு 1908-இல் மாண்டதாகவும், அதனால் வருந்திய காடிலாக் கம்பெனித் தலைவர் லீலண்டு கைப்பிடியை ஒழிக்க உறுதி பூண்டதாகவும் சொல்லப்படுகிறது. எஞ்சினைச் சுழற்றும் வலிமையுள்ள மோட்டார் காருக்குள் அடங்காத அளவு பெரிதாயிருக்கும் என்பது வல்லுநர் பலரின் கருத்து. கெட்டரிங்கோ பணப்பெட்டியை நினைத்தார். எஞ்சின் தானாக ஓடத் தொடங்கும் வரை, சில நொடி சுழற்றினால் போதுமே! நண்பர் டீட்ஸ் என்பவரின் கொட்டகையில் தோழர்களுடன் கூடி உழைத்தார். 1911-இல் கருவி ஆயத்தமாயிற்று; 1912-ஆம் ஆண்டுக் காடிலாக் கார்களில் ஏறிற்று. கைவலிமை குறைந்தோரும் தனியே கார் எடுத்துச் செல்லும் காலம் பிறந்தது.

சில நொடிக்குப் பெருமின்சாரம் என்பதே இதன் அடிப்படை. செல்ஃப் எடுக்காத காரின் நோயும் அங்கேதான் இருக்கிறது. நான் குடியிருக்கும் ஈஜிபுராத் தெருவில் நாட்கணக்கில் எடுக்காமல் நிற்கும் கார்கள் உண்டு. ஒரு காலை பக்கத்து வீட்டுக் கார் 'டக் டக்' என்று ஒலித்ததேயன்றிக் கிளம்பவில்லை. மெக்கானிக் அண்ணன் முதலில் முன்விளக்கை எரியவிட்டுச் சாவியைத் திருப்பச் சொன்னார். விளக்கு மங்கிற்று. உடனே பாட்டரி முனைகளைப் பார்த்தார். வெண்பச்சைப் பூஞ்சை போல் உப்புப் படிந்திருந்தது.

இதன் கணக்கு இயற்பியல் மாணவர்க்கு இனிக்கும். 'டக்' என்று ஒலிப்பது சோலனாய்டு. அதற்குச் சிறு மின்சாரம் போதும். மோட்டாருக்கோ 150 ஆம்பியர் அளவில் வேண்டும். உப்புப் படிவு 0.02 ஓம் தடை தந்தாலும் 3 வோல்ட்டு அங்கேயே வீணாகும். 12 வோல்ட்டில் மிஞ்சுவது 9. ஆகவே ஒலி கேட்கும், மோட்டார் சுழலாது. தொடர்ந்து பலமுறை ஒலித்தால் பெரும்பாலும் பாட்டரி தளர்ந்திருக்கும், அல்லது முனை பிடிப்பற்றிருக்கும். ஒரே ஒரு 'டக்' கேட்டு, விளக்கும் மங்காமலிருந்தால் சோலனாய்டின் தொடுமுனையையோ மோட்டாரையோ ஐயுறலாம். ஓய்வில் 12.6 வோல்ட்டு காட்டும் பாட்டரி நிறைந்தது. 12 காட்டுவது ஏறக்குறைய வறண்டது. முனையைத் துலக்குவோர் எதிர்முனையை முதலில் கழற்றிக் கடைசியில் மாட்டுக. அன்று முனைகளைச் சுரண்டி இறுக்கியதும் கார் கிளம்பிற்று. புதிய பாட்டரி வாங்கியிருந்தால் சில ஆயிரம் ரூபாய் வீணாகியிருக்கும்.

கெட்டரிங்கின் வாழ்வில் வேறோர் ஒலியும் உண்டு. எஞ்சினுக்குள் கேட்ட 'டொக் டொக்' என்னும் தட்டலுக்கு அவர் செய்த பாட்டரி எரிபற்றலே காரணம் என்று சிலர் பழித்தனர். உண்மைக் காரணம் தேடினார். எரிபொருள் எரியும் முறையிலேயே குற்றம் என்று கண்டார். அவரது ஆய்வுக்கூடத்தில் மிட்ஜ்லி என்பவர் 1921-இல் ஈயச் சேர்மம் ஒன்று தட்டலை அடக்குவதைக் கண்டுபிடித்தார். ஆல்கஹாலும் அடக்கும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். ஆயினும் ஈயமே சந்தைக்கு வந்தது; அதை விற்ற கம்பெனியின் தலைமையையும் கெட்டரிங் ஏற்றார். 1924-இல் நியூ ஜெர்சியில் அதைக் கையாண்ட தொழிலாளர் சிலர் சித்தம் கலங்கி மாண்டனர். விற்பனை சில காலம் நின்று, மீண்டும் தொடங்கிற்று. குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் நஞ்சு உலகத் தெருக்களிலெல்லாம் படிந்தது. இந்தியாவில் 2000-ஆம் ஆண்டில்தான் ஈயப் பெட்ரோல் ஒழிந்தது. உலகில் கடைசியாக 2021-இல் அல்ஜீரியா கைவிட்டது.

1920 முதல் 1947 வரை ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கிய கெட்டரிங், 1945-இல் ஸ்லோனுடன் புற்றுநோய் ஆய்வு நிலையம் காண உதவினார். 1958-ஆம் ஆண்டு நவம்பர் 25-இல் மறைந்தார். கைகளைக் காத்தவரும் அவரே. காற்றைக் கெடுத்ததில் பங்கு கொண்டவரும் அவரே.

நண்பர்களே, நாளை நம்மில் பலர் ஆய்வுக்கூடங்களுக்குச் செல்வோம். இயந்திரத்தின் ஒலியை அடக்குவது வேறு, அதன் குறையைத் தீர்ப்பது வேறு. ஒலி நின்றதும் மகிழாமல், நாம் இட்ட மருந்து எங்கே போய்ப் படிகிறது என்றும் பார்ப்போமாக.