தண்ணீருக்கு மேலே ஒரு கூரை

கொட்டாஞ்சேனைப் பக்கத்து மாணவிகளுக்குச் சுகததாச விளையாட்டரங்கின் நீச்சல் தடாகம் புதிதல்ல. நீந்துவதற்குத் தண்ணீர் இருந்தால் போதும் என்றே நாம் நினைக்கிறோம். அந்தத் தண்ணீருக்கு மேலே எப்படிப்பட்ட கூரை அமைய வேண்டும் என்று யோசித்தவர் ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கென்சோ டாங்கே.

1913 இல் ஒசாகாவில் பிறந்தார். சிறுபராயத்தின் ஒரு பகுதி சீனாவில் கழிந்தது. ஹிரோஷிமாவில் படிக்கும்போது சஞ்சிகையொன்றில் லெ கொர்பூசியேயின் வரைபடங்களைக் கண்டு கட்டடக்கலையில் மனதைப் பறிகொடுத்தார். டோக்கியோப் பல்கலைக்கழகம் உடனே அவரை ஏற்கவில்லை. இரண்டு வருடங்கள் காத்திருந்து 1935 இல்தான் உள்ளே நுழைந்தார். உயர்தரப் பரீட்சையை மீண்டும் எழுதும் சகோதரிகளும் அவர்களுடைய பெற்றோரும் இதைக் கவனிக்கலாம்.

1945 ஆகஸ்டில் தந்தை காலமான செய்தி கேட்டுச் சொந்த ஊரான இமாபாரிக்குப் புறப்பட்டார். வழியில் ஹிரோஷிமாவின் அழிவு தெரியவந்தது. அதே 6 ஆம் திகதி இமாபாரியில் விழுந்த குண்டுகளுக்குத் தாயும் பலியாகியிருந்தார். நான்கு வருடங்களின் பின் ஹிரோஷிமா சமாதான நினைவகத்துக்கான போட்டியில் வென்றது அவருடைய வரைபடமே. தான் படித்த நகரத்தின் சாம்பல் மீது அவர் வரைந்த வரைபடம் அது.

1964 ஒலிம்பிக் விழாவுக்காக யோயோகியில் நீச்சல் மண்டபம் அமைக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. போருக்குப் பின் அமெரிக்க இராணுவக் குடியிருப்பாக இருந்த நிலம் அது. இரண்டு கம்பங்களுக்கிடையே கயிறு கட்டிப் படங்கு விரிப்பதை நாம் பார்த்திருக்கிறோம். அவருடைய கூரையும் அந்த விதத்தில்தான் நிற்கிறது. 126 மீற்றர் இடைவெளியில் இரு கொங்கிறீற் தூண்கள், அவற்றுக்கிடையே இரண்டு பெரிய உருக்கு வடங்கள், அவற்றிலிருந்து சரிந்து தொங்கும் கூரை. நடுவில் ஒரு தூணும் இல்லை. 13,000 பேருக்கு மேல் மறைப்பின்றிப் பார்க்கலாம். கணக்குப் போட்டுக் கொடுத்தவர் பொறியியலாளர் யொஷிகட்சு ட்சுபோய். கட்டடங்களைப் புகழும்போது பொறியியலாளரின் பெயர் விடுபட்டுப் போவதால் இங்கே சொல்லி வைக்கிறேன். வேலை சுமார் 18 மாதங்களில் முடிந்தது.

அந்தக் கூரையின் கீழ் 18 வயது அமெரிக்க இளைஞர் டொன் ஷொலாண்டர் நான்கு தங்கப் பதக்கங்கள் வென்றார். அவர் பிறந்தது போர் முடிந்த மறு வருடம்.

1987 இல் பிரிட்ஸ்கர் பரிசு டாங்கேயைத் தேடி வந்தது. குவைத் விமான நிலையமும் அவர் வரைந்ததே. 2005 மார்ச் 22 இல் காலமானார். யோயோகி மண்டபத்தில் இப்போது தடாகம் இல்லை. 2021 இல் நடந்த ஒலிம்பிக்கில் அங்கே கைப்பந்து விளையாடினார்கள். கூரை அப்படியே தொங்குகிறது.