ஹென்றி பிடிங்டன்

ஹென்றி பிடிங்டன் (1797 - 1858) ஆங்கிலேயக் கப்பல் தலைவரும் புயல் ஆய்வாளரும் ஆவார். கடற்பணியிலிருந்து விலகிக் கல்கத்தாவில் குடியேறிய இவர், வங்காள விரிகுடாவில் புயலில் சிக்கிய கப்பல்களின் நாட்குறிப்புகளைத் திரட்டி, காற்றுத் திசை மாறும் முறையைக் கொண்டு புயல் மையத்தின் இருப்பிடத்தையும் பாதையையும் கணித்தார். 1848 இல் மாலுமிகளுக்காக எழுதிய கையேட்டில், பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு 'சைக்ளோன்' என்னும் பெயரை உருவாக்கினார்.

கல்கத்தாவுக்குத் தென்கிழக்கே மாத்லா ஆற்றங்கரையில் துறைமுகம் அமைக்கும் திட்டம் எழுந்தபோது, புயலால் பொங்கும் கடல்நீர் அதனை மூழ்கடிக்கும் என்று 1853 இல் தலைமை ஆளுநர் டல்ஹவுசிக்கு எழுதி எச்சரித்தார். எச்சரிக்கை ஏற்கப்படவில்லை; கானிங் துறைமுகம் கட்டப்பட்டது. இவர் இறந்து ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், 1867 நவம்பர் புயலில் அது பெரிதும் சிதைந்து, பின்னர் கைவிடப்பட்டது.

இவர் கப்பல் குறிப்புகளிலிருந்து கணித்தறிந்த புயல் மையத்தை, இன்று அதே விரிகுடாவின் கரையில் காரைக்கால் முதலிய இடங்களிலுள்ள டாப்ளர் ரேடார்கள் கண்டறிகின்றன.