பேரறிஞர் ஏர்லிக்கும் அவர் வகுத்த விதியும்

சைலீசியா மாநிலத்து ஸ்திரேலன் என்னும் சிற்றூரிலே, 1854ஆம் ஆண்டு மார்ச் 14ஆந் திகதி, யூதக் குடும்பமொன்றிற் போல் ஏர்லிக் பிறந்தார். அவ்வூர் அந்நாளிற் பிரசியருக்கு உரியது. இன்று போலந்து நாட்டைச் சேர்ந்தது. மருத்துவம் பயின்ற காலத்து அவர் மனம் பற்றியது நோயாளரை அன்று, சாயங்களையே. ஒரு சாயம் ஒருவகைக் கலத்தைப் பற்றி மற்றொன்றை விட்டொழிவது ஏன்? இவ்வினாவே அவர்தம் வாழ்நாள் ஆராய்ச்சிக்கு வித்தாயிற்று.

இளமையிலேயே காசநோய் அவரைத் தொட்டது. தம் கோழையிலே கிருமியைக் கண்டவர், எகிப்து சென்று தங்கி உடல் தேறி மீண்டார். பின்னர்த் தொண்டைக்கரப்பானுக்குரிய நீர்ப்பாயத்தை அளவிட்டுச் செப்பஞ்செய்யும் பணியில் ஈடுபட்டார். அப்பணியிலிருந்து 1897இற் பிறந்ததே பக்கச்சங்கிலிக் கோட்பாடு. கலத்தின் மேற்பரப்பிலே கைகள் போன்ற வாங்கிகள் உள. நஞ்சு தனக்குப் பொருந்தும் கையிலே பூட்டிற் சாவிபோலப் பற்றும். இழந்த கைகளைக் கலம் மிகுதியாக மீள ஆக்கும். மிஞ்சியவை உதிர்ந்து குருதியிற் கலந்து, வரும் நஞ்சைக் கலத்தை அணுகுமுன்னரே பற்றிக்கொள்ளும். அவையே பிறபொருளெதிரிகள் என்றார். பிறபொருளெதிரிகளை ஆக்குவன எல்லாக் கலங்களும் அல்ல, வெண்குழியங்களுள் ஒருவகையே எனப் பிற்காலத்தார் திருத்தினர். எனினும் வாங்கி என்னும் கருத்து நிலைத்துவிட்டது.

1900ஆம் ஆண்டையொட்டிப் பிராங்போட் நகரிலே, மோர்கன்றோத் என்பாருடன் வெள்ளாடுகளை வைத்து ஆராய்ந்தார். ஓர் ஆட்டின் குருதியை மற்றோர் ஆட்டுக்குச் செலுத்தினால், பின்னையதன் உடலில் எழும் பொருள் பிற ஆடுகளின் செங்குழியங்களை அழித்தது. தன் செங்குழியங்களை அழித்ததேயில்லை. உடல் தன்னைத் தானே நச்சுப்படுத்த அஞ்சுகின்றது என்று ஏர்லிக் விதி வகுத்தார். அவ்வச்சத்தைக் காக்கும் உள்ளொழுங்கு குலையுமாயின் பெருங்கேடு விளையலாம் என்பதையும் அவர் உடன் கூறியிருந்தார். சூத்திரத்தின் முதலடியை மனனஞ்செய்து ஈற்றடியைக் கைவிடும் மாணாக்கரை நாம் அறியோமா? மருத்துவ உலகமும் அவ்வாறே செய்தது.

சுருட்டும் வண்ண அட்டைகளும் அவர் கையைவிட்டு நீங்கா. உதவியாளருக்கு நாடோறும் பணிகளை அவ்வட்டைகளிலேயே எழுதிக் கொடுப்பார். 1908இல் மெச்சினிக்கோவுடன் நோபல் பரிசைப் பகிர்ந்தார். மேகநோய்க்குக் கண்ட 606ஆம் மருந்தின் கதை பலரும் அறிந்ததாதலின் ஈண்டு விரிக்கின்றிலேன். 1915 ஓகஸ்ட் 20இல் மறைந்தார்.

விதிக்கு மாறான சான்று அவர் வாழ்நாளிலேயே வெளிவந்திருந்தது. குளிர் பட்டாற் சிறுநீர் செந்நிறமாகும் நோயாளரின் குருதியில், அவர்தம் செங்குழியங்களையே அழிக்கும் பிறபொருளெதிரி இருப்பதை வியன்னாவிலே டொனாத்தும் லான்ட்ஸ்ரெயினரும் 1904இற் காட்டினர். கேட்டவர் சிலரே. ஏர்லிக்கிடம் பணியாற்றிய சாக்சு என்பாரின் மாணாக்கர் விற்றெப்ஸ்கி. அவரும் றோசும் முயலின் தைரொயிட்டுச் சுரப்பி முயலுடலாலேயே தாக்கப்படுவதை 1956இல் வெளியிட்டனர். அரை நூற்றாண்டு பூட்டிக்கிடந்த கதவை ஆசிரிய மரபின் பேரனே திறந்தார் எனலாம்.

தன்னுடலைத் தாக்கும் நோய்களிற் கலங்கள் ஒன்றற்கொன்று தூது விடுகின்றன. சைற்றோகைன் எனப்படும் இப்புரதத் தூதர்கள் மிகும்போது மூட்டுவாதக்காரரின் மூட்டுக்கள் வீங்கும். அவருள் ஒருவர் ஏவ, ஈரல் சி-தாக்கப் புரதத்தைப் பெருக்கும். அதை அளந்து மருத்துவர் நோயின் வேகத்தை மதிப்பிடுவர். 1975இற் பெயர் பெற்ற கழலை அழிப்புக் காரணி இத்தூதருள் முதன்மையானது. 1992இல் இலண்டனிலே பெல்ட்மனும் மைனியும் அதனைத் தடுக்கும் பிறபொருளெதிரியை நோயாளருக்குச் செலுத்த, வீக்கமும் அப்புரதமும் ஒருங்கே தணிந்தன.

1998இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற எற்றனசெப்ற் என்னும் மருந்தோ இன்னும் வியப்புக்குரியது. அக்காரணி பற்றும் வாங்கியின் வெளிப்பகுதியையே தனியே ஆக்கிக் குருதியில் விடுகின்றனர். அது தூதரைக் கலத்தை அணுகுமுன்னரே பற்றிக்கொள்கின்றது. ஏர்லிக் 1897இற் கற்பனை செய்த உதிர்ந்த கை இதுவன்றோ! ஆயினும் அத்தூதர் அடங்கினால், உடலில் உறங்கிக்கிடக்கும் காசநோய் விழித்தெழவுங் கூடும். ஆகவே மருந்தைத் தொடங்குமுன் மருத்துவர் தேடிப் பார்ப்பது, ஏர்லிக் தம் கோழையிலே கண்ட அதே கிருமியின் தடயத்தை.