சேஷையா சாஸ்திரியும் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் நில ஒழுங்கும்

அமராவதி சேஷையா சாஸ்திரி (1828-1903) தஞ்சை மாவட்டத்து அமராவதி எனும் சிற்றூரில் பிறந்தவர். சென்னை உயர்நிலைப் பள்ளியில் பவல் என்பாரிடம் கல்வி பயின்று, சென்னை மாகாண வருவாய்த் துறையில் எழுத்தராகப் பணியேற்றுப் படிப்படியாக உயர்ந்தார். 1872 முதல் 1877 வரை திருவிதாங்கூர்த் திவானாக விளங்கினார். ரயத்துவாரி நிருவாகத்தில் பெற்ற இப்பயிற்சியே அவருடைய பிற்காலச் சீர்திருத்தங்களின் அடித்தளம்.

1878இல் அவர் புதுக்கோட்டையின் தலைமை நிருவாகியானார். அப்பதவி அந்நாளில் சிர்கேல் எனப்பட்டது. திவான் என்னும் பெயர் பின்னர் வந்தது. புதுக்கோட்டை கும்பினிக்குக் கப்பம் செலுத்தாத சமஸ்தானம். எனினும் இராமச்சந்திரத் தொண்டைமானின் கடன்களைக் காரணங்காட்டிச் சென்னை அரசு அவருடைய மதிப்புப் பட்டத்தைப் பறித்தும் மீட்டளித்தும் தன் மேலாண்மையை உணர்த்தி வந்தது. ஆங்கிலேய அதிகாரி ஒருவரை நேரடியாக அமர்த்தாமலே நிருவாகத்தை மாற்றியமைக்கும் வாய்ப்பு சாஸ்திரியின் வழியே அமைந்தது.

விளைச்சலைப் பங்கிடும் அமானி முறையை அவர் நீக்கிப் பணத்தீர்வையை நிறுவினார். குளங்கள் செப்பனிடப்பட்டன, அலுவலகக் கட்டடங்கள் எழுந்தன. 1886இல் மன்னர் மறைந்தார். சிறுவரான மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் பட்டமேற்றபோது சாஸ்திரியே ஆட்சிப் பொறுப்பாளராகவும் ஆனார்.

இக்காலத்தில் நிகழ்ந்த 1888ஆம் ஆண்டின் இனாம் ஒழுங்கே அவருடைய பணிகளுள் தலையாயது. சாகுபடி நிலத்தின் பெரும்பகுதி படை, அரண்மனை, கோயில், ஊர் ஆகியவற்றின் ஊழியத்துக்கு ஈடாக வழங்கப்பட்டிருந்தது. போரில்லாக் காலத்தில் படை ஊழியம் பொருளற்றுப் போயிற்று. தேவையற்ற ஊழியங்களினின்று இனாம்தார்களை விடுவித்து, சிறு தீர்வைக்கு உட்பட்ட உரிமையாளர்களாக்கினார் சாஸ்திரி. கணக்கு தெளிவுற்றது, வருவாய் உறுதிப்பட்டது. ஆயின் நிலத்தை ஈந்து ஊழியத்தைப் பெறும் அரசன்-குடி உறவு, தீர்வை செலுத்துவோன்-அலுவலகம் என்னும் உறவாகச் சுருங்கிற்று.

அதே வேளையில், பிரகதாம்பாள் வழிபாடு, நவராத்திரி விழா, அம்மன் காசு ஆகிய அரசச் சடங்குகளை அவர் விலக்கவில்லை. நிலத்தினின்று பிரிந்த அரசாண்மை சடங்கில் நிலைபெற்றது. 1894இல் மார்த்தாண்டர் ஆட்சியுரிமை பெற்றதும் சாஸ்திரி பணி நீங்கிக் கும்பகோணத்தில் வாழ்ந்து மறைந்தார்.

சமஸ்தானத்தைக் கடனினின்று மீட்டவர் என்றே அவரை வரலாறு பெரிதும் போற்றுகிறது. அம்மீட்புக்கு ஈடாக மன்னரின் பழைய அதிகார அடித்தளம் கரைந்தது என்பதையும் உடன் நிறுத்திக் காண்கையில்தான், மேலாண்மை அரசு விரும்பிய மாற்றம் சுதேச நிருவாகி ஒருவரின் கைகளாலேயே நிறைவேறிய முறை விளங்கும்.