குருதியில் மருந்து கண்ட பேரிங்

நோயினின்று மீண்டவரின் குருதி பிறரையும் காக்கவல்லது. இவ்வுண்மைக்கு வழிதிறந்த எமில் ஃபொன் பேரிங் என்னும் ஜெர்மானிய மருத்துவரின் வரலாற்றை நாம் இங்கு காண்போம்.

பேரிங் 1854ஆம் ஆண்டு பிரஷ்யாவில் ஓர் ஆசிரியரின் மகனாகப் பிறந்தார். பிள்ளைகள் 13 பேர் கொண்ட அக்குடும்பத்தில் வறுமை நிலவியது. ஆகவே படையில் பணிபுரிய உடன்பட்டு, படைத்துறைக் கல்லூரியில் மருத்துவம் பயின்றார்.

அக்காலத்தில் தொண்டை அடைப்பான் நோய் எண்ணற்ற குழந்தைகளின் மூச்சை அடைத்துக் கொன்றது. 1890இல் பெர்லினில் பேரிங்கும் ஜப்பானிய அறிஞர் கிதசாதோவும், நோயெதிர்ப்பாற்றல் பெற்ற விலங்கின் குருதிநீர் பிறிதொரு விலங்கையும் காக்கும் என நிறுவினர். அக்குருதிநீரே பின்னர் குழந்தைகளுக்கு மருந்தாயிற்று. 1901இல் மருத்துவத்துக்கான முதலாவது நோபல் பரிசு பேரிங் ஒருவருக்கே வழங்கப்பட்டது. 1917இல் அவர் மறைந்தார்.

பேரிங் எதிர்த்தவை பாக்டீரியா நோய்கள். அதே வழி பின்னாளில் வைரஸ் நோய்களுக்கும் பயன்பட்டது. ஆர்ஜென்டீனக் குருதிக்கசிவுக் காய்ச்சலில், சாதாரணப் பிளாஸ்மா பெற்றோரில் நூற்றுக்குப் பதினாறு பேருக்கு மேல் இறந்தனர். மீண்டவர்களின் பிளாஸ்மா பெற்றோரிலோ ஏறத்தாழ ஒருவரே இறந்தார் என 1979இல் வெளியான ஆய்வு காட்டியது.

பேரிங்கை நினைக்கும்போது, பரிசில் பங்கு பெறாத கிதசாதோவையும் நாம் நன்றியுடன் நினைவிற் கொள்வோமாக.