பராந்தக சோழரும் குடவோலையும்

தஞ்சையிலிருந்து 907 முதல் 955 வரை அரசு செலுத்திய முதலாம் பராந்தகர், ஆதித்த சோழரின் குமாரர், மதுரை கொண்டவர். வீரநாராயணர் என்னும் அவர் விருதுப்பெயரை வீராணம் ஏரி இன்றும் தாங்கி நிற்கிறது. எனினும் நம்மவர் ஊன்றி நோக்கத்தக்கவை, அவர் காலத்து உத்தரமேரூர்ச் சாசனங்களே (919, 921). முப்பது குடும்புகளிலிருந்தும் வாரியத்தாரைக் குடவோலையால் தெரிந்தெடுத்த முறையை அவை விளக்கும். பொதுவாக, இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையவராயும், சொந்த மனையில் வசிப்பவராயும் இருத்தல் வேண்டும். முந்திய மூன்றாண்டுகளுள் வாரியஞ் செய்தவர் பெயர் குடத்தில் இடப்படாது. கணக்குக் காட்டாதவர் பெயரும், அன்னாருடைய நெருங்கிய உறவினர் பெயரும் ஒருபோதும் ஏறா. (பொதுப்பணத்துக்குக் கணக்குக் கேட்டாலே பகை கொள்ளும் அன்பர்கள் இதனைக் கவனிப்பாராக!) ஓலையை எடுப்பவன் ஒரு சிறுவன். ஆயினும் அஃது அந்தணர் சபையே; வயலில் உழுதவருக்கும் பெண்டிருக்கும் அதில் வாக்கில்லை. 949-ல் தக்கோலத்தில் மூத்த குமாரர் இராசாதித்தரை இழந்த பராந்தகர், தொண்டைமண்டலத்தையும் இழந்து சில ஆண்டுகளில் மறைந்தார்.