ஸ்டூடண்ட் என்று கையெழுத்திட்டவர்

புள்ளியியல் புத்தகத்தைப் புரட்டினால் ஸ்டூடண்ட்ஸ் டி டெஸ்ட் என்று ஒரு தலைப்பு வரும். நம்மை மாதிரி மாணவர்களுக்கு வைத்த பரீட்சை என்று பயந்துவிட வேண்டாம். ஸ்டூடண்ட் என்பது ஒரு மனிதரின் புனைபெயர். அவர்தான் வில்லியம் சீலி காசெட்.

1876-இல் இங்கிலாந்தின் கான்டர்பரியில் பிறந்த இவர், ஆக்ஸ்ஃபோர்டில் கணிதமும் வேதியியலும் படித்துவிட்டு, 1899-இல் டப்ளின் நகரத்துக் கின்னஸ் பீர் தொழிற்சாலையில் சேர்ந்தார். எந்த பார்லி நல்லது என்று பார்க்க ஆயிரக்கணக்கில் சாம்பிள் கிடைக்காது. கையில் இருக்கிற நாலைந்தை வைத்தே முடிவு சொல்லணும். அன்றைய கணக்கு முறைகளோ பெரிய எண்ணிக்கைக்குத்தான் சரிப்பட்டு வந்தன. லண்டனில் கார்ல் பியர்சனிடம் பயின்று, சின்ன சாம்பிளுக்கு ஒரு வழி கண்டார். 1908-இல் பயோமெட்ரிகா இதழில் அது வெளிவந்தது. ஊழியர்கள் சொந்தப் பெயரில் எழுதக் கம்பெனியில் அனுமதி இல்லை, அதனால்தான் ஸ்டூடண்ட்! பின்னாளில் ஃபிஷர் செப்பனிட்ட வடிவமே இன்றைய டி டெஸ்ட்.

கட்டுரையில் அவர் காட்டிய உதாரணம் தூக்க மருந்து. அமெரிக்காவில் ஒரு மனநல மருத்துவமனையில் பத்து நோயாளிகளுக்கு இரண்டு மருந்துகளையும் கொடுத்துப் பார்த்த கணக்கு அது. முதல் மருந்தில் சராசரி 0.75 மணி நேரம் கூடுதல் தூக்கம், இரண்டாவதில் 2.33. வித்தியாசம் 1.58 மணி. பத்தே பேர்தானே, இது தற்செயலா? ஒவ்வொருவரின் இரண்டு தூக்கத்தையும் கழித்துப் பார்த்தார் காசெட். ஆளுக்கு ஆள் உள்ள பேதம் அதில் அடிபட்டுப் போகும். ஒன்பது பேருக்கு இரண்டாவதே மேல். ஒருவருக்கு இரண்டும் சமம். இரண்டாவதே சிறந்தது என்பதற்கு 666-க்கு 1 என்று கணித்தார். அரை மாத்திரையா, முழு மாத்திரையா என்று ஒப்பிடவும் இதே முறைதான்.

ஆனா ஒன்று கவனிக்கணும். அந்த எண், வித்தியாசம் தற்செயலா இல்லையா என்பதை மட்டுமே சொல்லும். மருத்துவமனைக்கு வெளியே இருப்பவர்களுக்கும் அது பொருந்துமா? வேறு வயதினருக்கு? கணக்கு வாய் திறக்காது. போதாக்குறைக்கு, கட்டுரையில் மருந்துகளின் பெயரே தப்பாகக் குறிக்கப்பட்டிருந்தது. பெயர் மாறினாலும் விடை அதேதான் வரும்!

பார்லி விஷயத்தில் காசெட் உஷாரானவர். ஒரே வயலின் விளைச்சலை நம்பமாட்டார். பல ஊர் மண்ணிலும், பல வருஷ மழையிலும் பார்க்கணும் என்று 1937-இல் மறையும் வரை வாதாடினார்.

நம்ம லேபில் மூணு கான்கிரீட் கியூபை உடைத்து ரெக்கார்டில் சராசரி எழுதுகிறோம். அந்த மூணும் சைட்டில் கொட்டப்போகும் கலவைக்குச் சாட்சி சொல்லுமா என்று ஒரு நிமிஷம் யோசித்தால், நாமும் அந்த ஸ்டூடண்டின் வகுப்புத் தோழர்கள்தான்!